நகரக் குப்பையினின்று எரிவாயுவும் எருவும்

கிராமத்தில் விளையும் காய்கறியும் கீரையும் வாழையிலையும் நகரத்துச் சந்தைக்குச் செல்கின்றன. அவற்றுடன் நிலத்தின் சத்தும் செல்கின்றது. எஞ்சியவை குப்பைமேட்டிற் கொட்டப்படுவதால் அச்சத்து வயலுக்குத் திரும்புவதில்லை. அம்பத்தூர் 2011-ல் சென்னை மாநகராட்சியுடன் சேர்க்கப்பட்டது. ஆவடி 2019-ல் தானே மாநகராட்சியாயிற்று. பூந்தமல்லி சாலையின் இருமருங்கும் வீடுகள் பெருகப் பெருக, குப்பையும் பெருகுகின்றது. இதனை எரிவாயுவாகவும் எருவாகவும் மாற்றும் முறையைச் சங்க அங்கத்தினர்கள் அறிந்திருத்தல் நலம்.

வாயு உண்டாகும் விதம்

காற்றுப் புகாத தொட்டியில் குப்பையை நீருடன் கரைத்து விட்டால், நுண்ணிய கிருமிகள் அதனை முதலிற் புளிக்கச் செய்கின்றன. பிறிதொரு வகைக் கிருமிகள் அப்புளிப்பை மீதேன் என்னும் எரியும் வாயுவாக மாற்றுகின்றன. தொடக்கத்திற் பசுஞ்சாணம் இடுவது இக்கிருமிகளைப் பெறுவதற்கே. 1 கனமீட்டர் வாயுவுக்குச் சுமார் 25 கிலோ சாணம் வேண்டும். சோற்று மிச்சமோ மாட்டின் வயிற்றிற் செரியாதது. ஆதலின் அதனினும் குறைந்த எடையே போதும். ஆயினும் அளவுக்கு மிஞ்சி இட்டால் தொட்டி புளித்து வாயு நின்றுவிடும். அப்பொழுது சில நாள் தீனியை நிறுத்திச் சாணக் கரைசல் சேர்த்தல் வேண்டும்.

கோயம்பேட்டு உதாரணம்

1996-ல் திறக்கப்பட்ட கோயம்பேடு சந்தையில், நாளொன்றுக்கு 30 டன் காய்கறிக் கழிவை ஏற்று மின்சாரம் உண்டாக்கும் நிலையம் ஒன்று பின்னர் அமைக்கப்பட்டது. சென்னை மத்தியத் தோல் ஆராய்ச்சி நிலையம் அதற்குத் தொழில்முறை உதவி புரிந்தது. கழிவு ஒரே இடத்தில், ஒரே வகையாகக் கிடைப்பது சந்தையின் பெரும் வசதி. வீட்டுக் குப்பைக்கு அவ்வசதி இல்லை.

பிரித்தலே முதற் கடமை

பிளாஸ்டிக்கும் கண்ணாடியும் தேங்காய் மட்டையும் செரியா; குழாயை அடைக்கும். அதனினும் பெருங்கேடு, பழைய பாட்டரி, சாயம், உடைந்த குழல்விளக்கு ஆகியவற்றிலுள்ள ஈயமும் பாதரசமுமாம். வாயு நீங்கிய பின்னும் இவை கசண்டில் தங்கி, எருவுடன் வயலை அடையும். 2016-ஆம் ஆண்டின் திடக்கழிவு விதிகள் வீட்டிலேயே பிரிக்கப் பணித்தமைக்கு இதுவும் தக்க காரணம். தூய கழிவாயின், கரியின் பெரும்பகுதி வாயுவாகப் போக, தழைச்சத்து கசண்டிலேயே நிற்கும். அதுவே நிலத்திற்குத் திரும்ப வேண்டிய செல்வம்.

எச்சரிக்கை

அழுகிய முட்டை நாற்றமுள்ள ஹைட்ரஜன் ஸல்பைடு இவ்வாயுவிற் கலந்திருக்கும். மிகுந்த அளவில் அது மோப்பத்தையே மழுங்கச் செய்து உயிரைப் போக்கும். ஆதலால் எவரும் தொட்டிக்குள் இறங்கலாகாது. விழுந்தவரைக் காக்க இறங்குவோரும் மாள்வதுண்டு. கசிவைச் சோப்பு நீரால் அறிதல் வேண்டும், தீக்குச்சியால் அன்று.

நகரக் கழிவையோ கசண்டையோ ஏற்க எண்ணும் சங்கம், விலையைப் பேசுமுன் அது பிரிக்கப்பட்டதா என்று விசாரித்தல் வேண்டும். பிரிக்கப்படாததை இலவசமாகத் தந்தாலும் மறுப்பதே அங்கத்தினரின் நிலத்திற்குக் காப்பாகும்.