கேட்டில் நிற்பவர் யாருடைய ஆள்?

செக்யூரிட்டி வேலைக்குச் சேர வருகிறவரிடம் பல இடங்களில் இரண்டு கணக்குகள் சொல்லப்படுகின்றன. பி.எஃப்., இ.எஸ்.ஐ. பிடித்தம் போக இவ்வளவு என்பது ஒன்று. பிடித்தமே இல்லாமல் முழுப் பணமும் கையில் வேண்டுமென்றால், ஊழியர் என்றில்லாமல் ‘ஒப்பந்த அடிப்படையில் சேவை தருபவர்’ என்று எழுதிய தாளில் கையெழுத்துப் போடுங்கள் என்பது மற்றொன்று. வாடகைக்கும் பள்ளிக் கட்டணத்துக்கும் அல்லாடும் குடும்பத்தை இரண்டாவது கணக்குத்தான் இழுக்கும். அதில் குற்றம் காண முடியாது. ஆனால் அந்தத் தாள் தொழிலாளிக்குத் தருவதைவிட அவரிடமிருந்து எடுத்துக்கொள்வது அதிகம். இன்னொன்றையும் அவரிடம் யாரும் சொல்வதில்லை: கையெழுத்துப் போட்டுவிட்டதாலேயே ஒருவர் ஊழியர் இல்லை என்று ஆகிவிடாது.

முதலில் பணக் கணக்கைப் பார்ப்போம். மாதம் 15,000 ரூபாய் ஊதியம் என்று வைத்துக்கொண்டால், தொழிலாளியின் பங்காக பி.எஃப்.புக்கு 12 சதவீதம், அதாவது 1,800 ரூபாயும், இ.எஸ்.ஐ.க்கு 0.75 சதவீதம், சுமார் 113 ரூபாயும் பிடிக்கப்படும். முதலாளி தன் பங்காக பி.எஃப்.புக்கு இன்னொரு 1,800 ரூபாயும், இ.எஸ்.ஐ.க்கு 3.25 சதவீதமாகச் சுமார் 488 ரூபாயும் கட்ட வேண்டும். ‘பிடித்தம் வேண்டாம்’ என்பவர் கையில் 1,913 ரூபாய் கூடுதலாக வாங்குகிறார். அவர் பெயரில் வந்திருக்க வேண்டிய 2,288 ரூபாய் மாதாமாதம் வராமலே போகிறது. கையில் வாங்கும் அந்த 1,913 ரூபாயிலும் 1,800 ரூபாய் எப்படியும் அவருடைய சேமிப்புத்தான். பணத்தைவிடப் பெரிய இழப்பு பாதுகாப்பு. இ.எஸ்.ஐ. அட்டை உள்ளவருக்கு வேலையில் காயம் பட்டால் ஊதியத்தில் சுமார் 90 சதவீதம் உதவித்தொகையாகக் கிடைக்கும். தகுதிக்கான சந்தா நாட்கள் இருந்தால் சாதாரண நோய்க்கும் 70 சதவீதம் உண்டு. குடும்பத்துக்கும் சிகிச்சை கிடைக்கும். இரவு டூட்டி முடிந்து சைக்கிளில் வீடு திரும்பும்போது லாரி மோதினால், வேலையோடு தொடர்புடைய பயணம் என்ற அளவில் அதுவும் வேலை விபத்தாகவே கருதப்படும். பி.எஃப். உறுப்பினர் பணியில் இருக்கும்போது இறந்தால் குடும்பத்துக்கு ஓய்வூதியமும், 7 லட்சம் ரூபாய் வரையிலான காப்பீடும் இருக்கின்றன. ‘சேவை தருபவர்’ என்று எழுதிக் கொடுத்தவரின் மனைவி அன்றைக்கு எந்தக் கதவைத் தட்டுவார்?

கையெழுத்துப் போட்டாகிவிட்டதே, இனி என்ன செய்ய முடியும் என்று பலர் ஒதுங்கிவிடுகிறார்கள். நீதிமன்றங்கள் தாளின் தலைப்பை மட்டும் பார்த்து முடிவு செய்வதில்லை. ஏர் இந்தியா உணவகப் பணியாளர்கள் தொடர்பான 2014-ஆம் ஆண்டுத் தீர்ப்பில் உச்ச நீதிமன்றம் எவற்றைப் பார்க்க வேண்டும் என்று வகுத்துச் சொன்னது: வேலைக்கு அமர்த்தியது யார், சம்பளம் தருவது யார், நீக்கும் அதிகாரமும் ஒழுங்கு நடவடிக்கை எடுக்கும் அதிகாரமும் யாரிடம், பணி தொடர்ச்சியானதா, கட்டுப்பாடு எந்த அளவுக்கு. கேட்டில் நிற்பவரை இதில் வைத்துப் பாருங்கள். ஷிஃப்ட்டை அவர் தீர்மானிப்பதில்லை. சீருடை வேலைக்கு வைத்தவர்கள் கொடுத்தது, ரிஜிஸ்டர் அவர்களுடையது. தனக்குப் பதில் தம்பியை அனுப்பிவிட்டு ஊருக்குப் போக முடியாது. லாபமோ நஷ்டமோ அவருடையதல்ல. இப்படிப்பட்டவரைத் தனித் தொழில் நடத்துபவர் என்று சொல்வது பெயரளவில்கூட ஒட்டாது. பான்தர் செக்யூரிட்டி நிறுவனத்தின் வழக்கில், தான் ஆட்களை ஏற்பாடு செய்து கொடுப்பதோடு சரி, அவர்களுக்கு முதலாளி அல்ல என்று வாதிட்ட ஏஜென்சியை 2020 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் ஏற்கவில்லை. காவலர்கள் அந்த ஏஜென்சியின் ஊழியர்களே, அவர்களுக்கு பி.எஃப். கட்டியாக வேண்டும் என்றது.

அப்படியானால் ஏஜென்சியை விட்டு நேரடியாகச் சேருவதுதான் நல்லதா? எப்போதும் அல்ல. பி.எஃப். கட்டாயமாவது பொதுவாக 20 பேர் வேலை செய்யும் இடத்தில், இ.எஸ்.ஐ. 10 பேர் வேலை செய்யும் இடத்தில். இரண்டே வாட்ச்மேன்களை வைத்திருக்கும் ஒரு சிறிய ஃப்ளாட் சங்கத்தில் நேரடியாகச் சேர்ந்தால் இரண்டும் கட்டாயமில்லாமல் போகலாம். அதே கேட்டில், நூறு பேரை வைத்திருக்கும் உரிமம் பெற்ற ஏஜென்சியின் ஆளாக நின்றால் இரண்டும் உண்டு. பெரிய ஆலையிலோ மருத்துவமனையிலோ நேரடி நியமனம் கிடைத்தால் அது மேல். ஆனால் அது அரிது. 2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்த தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் முக்கியப் பணிகளில் ஒப்பந்தத் தொழிலாளரைத் தடுத்தாலும், காவல் பணியைப் பொதுவாக அந்த வட்டத்துக்கு வெளியேதான் வைத்திருக்கின்றன. ஏஜென்சி முறையில் உள்ள உண்மையான ஓட்டை வேறு: ஆண்டுதோறும் ஏஜென்சி மாறும், ஆள் அதே கேட்டில் நிற்பார், பணிக்கொடைக்கான ஆண்டுக் கணக்கு மட்டும் மறுபடி முதலிலிருந்து தொடங்கும். ஆகவே நேரடியா, ஏஜென்சியா என்பதைவிட, ‘இவருக்கு முதலாளி நான்தான்’ என்று எழுத்தில் ஒப்புக்கொள்பவர் யார் என்பதே கேட்க வேண்டிய கேள்வி. ஒருவருமே ஒப்புக்கொள்ளாத மூன்றாவது வழியை ஏற்கக் கூடாது.

இவ்வளவும் கட்டினால் பராமரிப்புக் கட்டணம் ஏறும், வயதானவர்களுக்கு யாரும் வேலை தரமாட்டார்கள் என்று குடியிருப்புச் சங்கங்கள் சொல்கின்றன. கவலை பொய்யல்ல. ஆனால் பல ஏஜென்சிகள் பில்லில் முதலாளி பங்கையும் சேர்த்தே வசூலிக்கின்றன. அது காவலரின் கணக்குக்குப் போகிறதா என்று சங்கம் கேட்பதில்லை. ஒப்பந்தக்காரர் கட்டாவிட்டால் முதன்மை முதலாளியிடம், அதாவது ஏஜென்சி மூலம் ஆள் வைத்திருப்பவரிடம், வசூலிக்கச் சட்டத்தில் இடம் உண்டு. சட்டத்துக்கு உட்பட்ட இடங்களில் மலிவான ஏஜென்சி சங்கத்துக்கே கடனாகத் திரும்பலாம். மாதம் ஒருமுறை செலான் நகலைக் கேட்டு வாங்குவது செலவில்லாத வேலை. வயதும் தடையல்ல. 58 வயதுக்குப் பிறகு ஓய்வூதியத் திட்டத்துக்குத்தான் பங்கு போகாது. முதலாளியின் தொகை முழுவதும் பி.எஃப். கணக்கிலேயே சேரும்.

ஏற்கெனவே அந்தத் தாளில் கையெழுத்துப் போட்டவர்கள் இன்றிலிருந்து செய்யக்கூடியது, தடயங்களைச் சேர்ப்பது. டூட்டி ரிஜிஸ்டரில் தன் பெயர் உள்ள பக்கத்தின் புகைப்படம், வாட்ஸ்அப்பில் வந்த ஷிஃப்ட் உத்தரவு, சம்பளம் வந்த வங்கிக் கணக்கின் விவரம், அடையாள அட்டை, இவை எல்லாம் சாட்சி. பி.எஃப். கணக்குக்கான யு.ஏ.என். எண்ணைக் கேட்டு வாங்கி, உமங் செயலியில் பாஸ்புக்கை மாதம் ஒருமுறை பார்க்க வேண்டும். முதலாளியின் பங்கையும் சேர்த்துத் தொழிலாளியின் சம்பளத்திலேயே பிடித்தால் அது சட்டவிரோதம். பி.எஃப். புகாரை பி.எஃப். நிறுவனத்தின் குறைதீர்ப்பு இணையதளத்திலும், இ.எஸ்.ஐ. புகாரை இ.எஸ்.ஐ. கிளை அலுவலகத்திலும், குறைந்தபட்ச ஊதியம், கூடுதல் நேரத்துக்கு இருமடங்கு ஊதியம் ஆகியவை பற்றிய புகாரைத் தொழிலாளர் துறையிலும் கொடுக்கலாம். வழக்கறிஞருக்குப் பணமில்லை என்றால் மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழு இருக்கிறது. பெண்களுக்கும் பட்டியல் சாதி, பழங்குடியினருக்கும் தொழிற்சாலைத் தொழிலாளருக்கும் வருமான வரம்பே இல்லாமல் இலவச உதவி உண்டு, 15100 என்ற எண்ணில் கேட்கலாம். புதிய ஊதியச் சட்டத் தொகுப்பின்படி நிலுவை கோர மூன்று ஆண்டு அவகாசம் உண்டு. சம்பளம் கொடுத்தாயிற்று என்று நிரூபிக்கும் பொறுப்பும் முதலாளியுடையது, காவலருடையது அல்ல.