செல்லற்ற முறையில் கேழ்வரகுப் புரதத் தயாரிப்பு

செல்லற்ற புரதத் தொகுப்பு என்பது உயிருள்ள செல்லை வளர்க்காமல், செல்லைச் சிதைத்து எடுத்த சாற்றைக் கொண்டு சோதனைக் குழாயிலேயே புரதம் தயாரிக்கும் முறையாகும். சாற்றில் உள்ள ரைபோசோம்களுக்கு அமினோ அமிலங்கள், ஏடிபி, உரிய தூது ஆர்.என்.ஏ ஆகியவற்றை அளித்தால் புரதம் உருவாகும். 1961-இல் நைரன்பர்க்கும் மத்தேயியும் மரபுக் குறியீட்டின் முதல் சொல்லைக் கண்டறிந்தது இம்முறையில்தான்.

தருமபுரி மாவட்டத்தின் மானாவாரி நிலங்களில் விளையும் கேழ்வரகில், ஆய்வகத்தில் தயாரிக்கக் கடினமான ஒரு புரதம் உள்ளது. மாவுச்சத்தைச் செரிக்கும் ஆல்பா அமைலேசையும் புரதத்தைச் செரிக்கும் டிரிப்சினையும் இது ஒருசேரத் தடுக்கிறது. இதன் இயல்புகளை 1981-இல் சிவராஜ், பட்டாபிராமன் ஆகியோர் விவரித்தனர். மஞ்சள் மாவுப்புழுவின் அமைலேசை இது எவ்வாறு அடைக்கிறது என்பதை 1998-இல் வெளியான படிக அமைப்பு காட்டியது. புரதத்தின் தொடக்க முனை நொதியின் வினைபுரியும் பள்ளத்துக்குள் அம்புமுனை போல நுழைந்து நிற்கிறது.

தானியத்திலிருந்தே இதைப் பிரித்தெடுக்கலாமே எனத் தோன்றலாம். பிரித்தெடுக்கலாம், ஆனால் ஓர் அமினோ அமிலத்தை மாற்றினால் தடுப்பாற்றல் கூடுமா குறையுமா என்று சோதிக்க, மாற்றிய வடிவத்தைச் செயற்கையாகத்தான் ஆக்க வேண்டும். இடர் அங்கேதான். 122 அமினோ அமிலங்களே கொண்ட இச்சிறு புரதத்தை ஐந்து டைசல்பைடுப் பிணைப்புகள் கட்டி வைத்துள்ளன. பத்து சிஸ்டீன்களை இரண்டிரண்டாக இணைக்க 945 வழிகள் உண்டு. இயற்கையான வடிவம் அவற்றில் ஒன்றே. எசரிக்கியா கோலி பாக்டீரியாவின் செல்நீர்மம் ஒடுக்கும் தன்மை உடையதால், அங்கு இத்தகைய புரதங்கள் பெரும்பாலும் சரியாக மடியாமல் திரண்டுவிடுகின்றன.

தாவரப் புரதங்களுக்குக் கோதுமை முளைக்கருச் சாறு நன்கு பொருந்தும். தொடக்கத்தில் அதன் வினை விரைவில் நின்றுவிடும். கோதுமையின் மாவுப் பகுதியிலிருந்து ஒட்டிவரும் டிரிட்டின் என்னும் தற்காப்புப் புரதம் ரைபோசோம்களையே முடக்கியது ஒரு முக்கியக் காரணம். சப்பானின் எகிமே பல்கலைக்கழகத்தில் யாயேட்டா எண்டோ குழுவினர் முளைக்கருவை நன்கு கழுவி மாவுப் பகுதியை நீக்கினர். வினை நெடுநேரம் நீடித்தது. 2000-இல் இம்முடிவு வெளியானது.

ஐந்து பிணைப்புகள் கொண்ட புரதத்துக்கு அது மட்டும் போதாது. சாற்றில் வழக்கமாகச் சேர்க்கும் டைதயோதிரையிட்டால் டைசல்பைடுப் பிணைப்புகளை உடைக்கும். எனவே அதைக் குறைக்கவோ நீக்கவோ வேண்டும். ஒடுங்கிய, ஆக்சிசனேற்றப்பட்ட குளூட்டாதயோன்களைத் தக்க விகிதத்தில் இட்டு, தவறான இணைகளைத் திருத்தும் புரத டைசல்பைடு ஐசோமெரேசு நொதியையும் சேர்ப்பர். மக்னீசியத்தின் அளவையும் வெப்பநிலையையும் ஒவ்வொரு புரதத்துக்கும் தனித்தனியே சோதித்துத்தான் முடிவு செய்ய முடியும். விளைச்சல் கூடிவிட்டது என்பதாலேயே புரதம் சரியாக மடிந்துவிட்டது எனக் கொள்ள இயலாது. அமைலேசு, டிரிப்சின் இரண்டையும் அது தடுக்கிறதா என்பதே உண்மையான அளவுகோல்.

கேழ்வரகுப் புரதத்தில் மற்றொரு நுட்பமும் உண்டு. அதன் முதல் அமினோ அமிலம் செரைன். ஆனால் தொகுப்பு மெத்தியோனினில்தான் தொடங்கும். அது நீங்காமல் தங்கினால் அம்புமுனை நீண்டு, அமைலேசுடன் பொருந்துவது மாறக்கூடும். ஆகவே தயாரித்த புரதத்தின் தொடக்க முனையை நிறை நிறமாலையியல் மூலம் சரிபார்ப்பது அவசியம்.