வானொலி கேட்டால் மட்டும் போதுமா?

நாமக்கல் மாவட்டத்துக் கொல்லிமலைக்குச் செல்லும் முதன்மைச் சாலையில் 70 கொண்டை ஊசி வளைவுகள் உள்ளன. வளப்பூர் நாடு, அரியூர் நாடு, தின்னனூர் நாடு எனப் பெயர் பெற்ற ஊராட்சிகளில் குடியிருப்புகள் சிதறிக் கிடக்கின்றன. ஒவ்வொரு குடியிருப்புக்கும் விரிவாக்க அலுவலர் நேரில் செல்வது கடினம். இத்தகைய ஊர்களுக்கு அதிகச் செலவின்றிச் செய்தி கொண்டு செல்ல ஏற்ற சாதனம் வானொலி.

வானொலியின் வலிமையைத் தமிழக விவசாயிகள் முன்பே கண்டவர்கள். 1960களில் திருச்சி வானொலி எடுத்துச் சொன்ன ஆடுதுறை 27 நெல் தஞ்சைப் பகுதியில் வேகமாகப் பரவியது. அதை மக்கள் 'வானொலி நெல்' என்றே அழைத்தனர்.

ஆயினும் கேட்பது பாதி வேலைதான். 1956-ல் பூனா வானொலி 150 கிராமங்களில் ஒரு சோதனை நடத்தியது. ஒவ்வொரு கிராமத்திலும் சுமார் 20 பேர் கூடி நிகழ்ச்சியைக் கேட்டனர், பிறகு விவாதித்தனர், ஐயங்களை நிலையத்துக்கு எழுதி அனுப்பினர். ஊருக்கு வேண்டிய பணிகளில் தாங்களே முடிவெடுக்கவும் தொடங்கினர். இதன் பயனாக 1959-ல் வானொலி கிராம மன்றங்கள் நாடெங்கும் விரிவாக்கப்பட்டன.

கொல்லிமலைக்கு இம்முறை இன்றும் பொருந்தும். சாமை, தினை, கேழ்வரகு விளைந்த காடுகள் பலவற்றில் மரவள்ளி வந்துவிட்டது. மரவள்ளி கையில் பணம் தருகிறது. சாமையையோ உரலில் குத்திப் புடைக்கப் பெண்கள் படும் பாடு பெரிது. தோல் நீக்கும் இயந்திரம் இருந்தால் இச்சுமை குறையும் என்பதை வானொலி சொல்லலாம். அதை எந்த ஊரில் வைப்பது, யார் இயக்குவது, கூலி எவ்வளவு என்பதை ஊர் மக்களே கூடித் தீர்மானிக்க வேண்டும்.

அதற்கு உரிய இடம் கிராம சபை. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய ஆறு நாட்களிலும் சபை கூடுகிறது. 2006-ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டப்படி நில உரிமைக் கோரிக்கைகளைப் பெற்று முதலில் பரிசீலிப்பதும் கிராம சபையே. அங்கு வாய் திறவாதவர் குறை ஏட்டில் ஏறுவதில்லை.

விவசாயிகள் செய்ய வேண்டியவை:

1. பெண்களையும் சேர்த்து 15 முதல் 20 பேர் வரை ஒரு குழுவாக அமைய வேண்டும்.

2. வாரம் ஒரு நாள் கூடிப் பண்ணை நிகழ்ச்சியைக் கேட்க வேண்டும்.

3. கேட்டபின் அரை மணி நேரம் விவாதித்து, ஐயங்களை நிலையத்துக்குக் கடிதமாக எழுத வேண்டும்.

4. ஊருக்குப் பொதுவான தேவையைக் கிராம சபையில் வைத்து, தீர்மானமாகப் பதிவு செய்யச் சொல்ல வேண்டும்.

5. முன்பு நிறைவேறிய தீர்மானம் என்னவாயிற்று என்று அடுத்த சபையில் கேட்க வேண்டும்.

வானொலி வழி சொல்லும்; நடக்க வேண்டியவர்கள் ஊர் மக்களே.