நீலாம்பூரோடு நின்ற கோடு

கோவை மெட்ரோ ரயிலுக்காகத் தயாரித்த வரைபடத்தில் அவிநாசி சாலை வழித்தடம் உக்கடத்தில் தொடங்கி நீலாம்பூரில் முடிகிறது. நீலாம்பூரிலிருந்து அதே சாலையில் கிழக்கே இன்னும் 10 கிலோமீட்டர் அளவுக்குப் போனால் கருமத்தம்பட்டி. இடையில் அரசூர், கணியூர். வழி நெடுக நூற்பாலை, பொறியியல் கல்லூரி, சரக்குக் கிடங்கு, பேக்கரி. கோவை எங்கே முடிந்தது, கருமத்தம்பட்டி எங்கே தொடங்கியது என்பது பஸ் ஜன்னலோரம் உட்கார்ந்து பார்த்தாலும் பிடிபடாது. கணியூர் சுங்கச்சாவடி ஒன்றுதான் 'இது வேறு ஊர்' என்று சொல்கிறது. காரில் வேலைக்குப் போகிறவருக்கு, தினமும் நகரத்துக்குள் நுழைய ஒரு கட்டணம், திரும்பி வர ஒரு கட்டணம். உள்ளூர்க்காரர்களுக்கு மாதாந்திர பாஸ் உண்டு. ஆனாலும் அந்தக் கேட்டைத் தாண்டித்தான் போக வேண்டும்.

சென்னைக்கும் பெங்களூருவுக்கும் கொச்சிக்கும் இருப்பது கோவைக்கு ஏன் இல்லை என்ற பேச்சு எழும்போதெல்லாம் ஒரே பட்டியல்தான் வாசிக்கப்படும். மெட்ரோ இல்லை, பெரிய விமானம் இறங்கும் ஓடுதளம் இல்லை, ஒருங்கிணைந்த பேருந்து நிலையம் இல்லை. பட்டியலில் பிழையில்லை. ஆனால் கருமத்தம்பட்டியில் நின்று பார்த்தால் இவை மூன்றுக்கும் அடியில் இன்னொரு குறை தெரிகிறது. கோவை எதுவரைக்கும் கோவை என்று முடிவு செய்ய ஆளில்லை. நகரம் தன் எல்லையைத் தாண்டி வளர்ந்துவிட்டது. தாண்டி வளர்ந்த பகுதிக்குப் பொறுப்பாளி என்று யாரும் கிடையாது.

மெட்ரோ விவகாரத்தையே எடுத்துக்கொள்ளலாம். 34.8 கிலோமீட்டர் நீளம், இரண்டு வழித்தடம், 32 நிலையம், 10,740 கோடி ரூபாய் என்று மாநில அரசு அனுப்பிய திட்ட அறிக்கையை 2025 நவம்பரில் மத்திய அரசு திருப்பி அனுப்பியது. 2017ஆம் ஆண்டின் மெட்ரோ கொள்கை 20 லட்சம் மக்கள்தொகையைக் குறிப்பிடுகிறது, கோவை மாநகராட்சியில் 2011 கணக்குப்படி ஏறத்தாழ 15.85 லட்சம் பேர்தான் என்பது ஒரு காரணம். அரசியல் சூடு கிளம்பியது இந்த எண்ணை வைத்துத்தான்.

அந்த எண்ணைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும். மக்கள்தொகைக் கணக்கெடுப்புத் துறை மாநகராட்சியைத் தனியாகவும், அதை ஒட்டித் தொடர்ச்சியாக வளர்ந்த ஊர்களையும் சேர்த்து 'நகரத் திரள்' என்று தனியாகவும் இரண்டு விதமாகக் கணக்குப் போடும். 2011இல் கோவை நகரத் திரளின் மக்கள்தொகை 21 லட்சத்துக்கு மேல். அதே கணக்கில் கொச்சி நகரத் திரளும் 21 லட்சத்துக்குச் சற்று மேல். கொச்சி மாநகராட்சியை மட்டும் எடுத்தால் 6 லட்சத்தைச் சற்றே தாண்டும், அவ்வளவுதான். கொச்சிக்கு 2017 ஜூனிலேயே மெட்ரோ ஓடத் தொடங்கிவிட்டது. கொச்சிக்கு ஒப்புதல் கிடைத்தது புதிய கொள்கை வருவதற்கு முன்பு, 2012இல் என்று சொல்லலாம்; நியாயமான பதில்தான். அப்படியானால் ஆக்ரா? 2011இல் அந்த மாநகராட்சியின் மக்கள்தொகையும் ஏறத்தாழ அதே 15.85 லட்சம். கொள்கை வந்த பிறகு, 2019இல் அதற்கு ஒப்புதல் கிடைத்தது. 2024 மார்ச்சில் ரயிலும் ஓடியது.

ஆனால் மத்திய அரசு மக்கள்தொகையை மட்டும் சொல்லி நிறுத்தவில்லை. சென்னையில் சுமார் 55 கிலோமீட்டர் மெட்ரோவில் தினமும் 4 லட்சம் பேர் அளவில் போகும்போது, கோவையின் 34 கிலோமீட்டரில் 5.9 லட்சம் பேர் போவார்கள் என்ற கணிப்பு எப்படி வந்தது என்றும் கேட்டது. சில நிலையங்களுக்குச் சாலை அகலம் போதவில்லை என்றும் சுட்டிக்காட்டியது. இந்தக் கேள்விகளுக்கு மேடையில் பதில் சொல்லிவிட முடியாது, அறிக்கையில்தான் சொல்ல வேண்டும். ஓரவஞ்சனை என்று மாநிலமும், விதி என்று மத்திய அரசும் மாறி மாறிப் பேசியதில் இந்தப் பகுதி காணாமலே போனது.

எண் எப்படி இருந்தாலும், கோவையை மாநகராட்சி எல்லைக்குள் அடக்கிப் பார்க்கும் பழக்கம் டெல்லிக்கு மட்டும் உரியதல்ல. சென்னையில் உட்கார்ந்து போட்ட கோடும் நீலாம்பூரோடு நின்றது. 2025 அக்டோபரில் திறந்த ஜி.டி. நாயுடு மேம்பாலம் உப்பிலிபாளையத்திலிருந்து கோல்டுவின்ஸ் வரை 10.1 கிலோமீட்டர், 1,791 கோடி ரூபாய். நல்ல வேலை, மறுப்பதற்கில்லை. கிழக்கேயிருந்து வருகிறவருக்கு அது கடைசிப் பத்து கிலோமீட்டரை எளிதாக்கியிருக்கிறது. அதற்கு முந்தைய பதினைந்து கிலோமீட்டர் நெடுஞ்சாலைத் துறையின் பாடு, சுங்கச்சாவடியின் பாடு, சர்வீஸ் ரோட்டில் எதிர்த் திசையில் டூவீலர் ஓட்டுகிறவரின் பாடு.

பெரிய நகரங்கள் இதை எப்படிச் சமாளித்தன? சென்னைக்கு 1970களிலேயே பெருநகர வளர்ச்சிக் குழுமம் வந்துவிட்டது. மாநகராட்சி எல்லை எதுவாக இருந்தாலும், அதைச் சுற்றி 1,189 சதுர கிலோமீட்டருக்கு ஒரே திட்டம். 2022இல் அந்தப் பரப்பை 5,904 சதுர கிலோமீட்டராக விரித்தார்கள். போக்குவரத்துக்கென்று தனிக் குழுமமும் இருக்கிறது. பஸ், மெட்ரோ, புறநகர் ரயில் மூன்றுக்கும் ஒரே டிக்கெட் எடுக்கும் 'சென்னை ஒன்று' செயலி 2025 செப்டம்பரில் வந்தது அதன் முயற்சியால்தான். பெங்களூரு 2007இல் ஏழு நகராட்சிகளையும் நூற்றுக்கு மேற்பட்ட கிராமங்களையும் மாநகராட்சியோடு சேர்த்துக்கொண்டது. இப்போது அதை ஐந்து மாநகராட்சிகளாகப் பிரித்து, மேலே ஒரு பெரு அமைப்பை வைத்திருக்கிறது.

இவர்கள் எல்லாவற்றையும் சரியாகச் செய்துவிட்டார்கள் என்று பொருளல்ல. சென்னையின் கிளாம்பாக்கம் பேருந்து முனையத்தை 2023 டிசம்பர் கடைசியில் திறந்தபோது பக்கத்தில் ரயில் நிலையம் தயாராகவில்லை. பெங்களூருவின் தேவனஹள்ளி விமான நிலையம் திறந்தது 2008இல். 2025 முடியும்போதும் மெட்ரோ அங்கே போய்ச் சேரவில்லை. ஆனால் அங்கெல்லாம் தவறு நடந்தால் யாரைக் கேட்பது என்பதாவது தெரியும்.

கோவையின் முதல் முழுமைத் திட்டத்துக்கு ஒப்புதல் கிடைத்தது 1994இல். அடுத்த திட்டத்தின் வரைவு வெளிவந்தது 2024 பிப்ரவரியில். நடுவில் முப்பது ஆண்டுகள். அந்த முப்பது ஆண்டுகளில்தான் அவிநாசி சாலை முழுக்க நகரமானது. கருமத்தம்பட்டி பேரூராட்சியும் 2021இல் நகராட்சி ஆனது. அதே சமயம் மதுக்கரை, காரமடை, கூடலூர் ஆகியவையும் நகராட்சிகளாயின. 2025 தொடக்கத்தில் மதுக்கரை உள்ளிட்ட சுற்றுப்புற ஊர்களை மாநகராட்சியோடு இணைக்கும் திட்டத்தை அரசு வெளியிட்டது. கருமத்தம்பட்டி அதில் இல்லை.

இல்லாததில் இங்கே பெரிய வருத்தம் எதுவும் கிடையாது. இணைந்தால் வீட்டு வரி ஏறும். கிராம ஊராட்சியாக இருந்த பகுதிக்கு ஊரக வேலைத் திட்டம் போகும். கவுன்சிலர் கைக்கெட்டாத தூரத்துக்குப் போய்விடுவார். "வரி மட்டும் டவுனு, வசதி எல்லாம் காடுங்க" என்று கேலி பேசுவது கோவையைச் சுற்றியுள்ள ஊர்க்காரர்களுக்குப் பழகிப்போனது. அந்தப் பயம் நியாயமானது. என் கணிப்பில், மாநகராட்சி எல்லையை நீட்டிக்கொண்டே போவது வழியல்ல. ஊராட்சியும் நகராட்சியும் அவரவர் இடத்தில் இருக்கட்டும். பஸ், ரயில், சாலை, நிலப் பயன்பாடு ஆகியவற்றை மட்டும் எல்லோருக்கும் சேர்த்துப் பார்க்க ஓர் அமைப்பு வேண்டும். கோவைக்கு அப்படியொரு நகர வளர்ச்சிக் குழுமம் பற்றிய பேச்சு பல ஆண்டுகளாக இருக்கிறது. சென்னைக் குழுமத்துக்கு இருக்கும் அதிகாரமும் ஆள்பலமும் அதற்குக் கிடைக்குமா என்பதில்தான் காரியம் இருக்கிறது.

அப்படியொரு அமைப்பு இல்லாததன் பலன் அன்றாடம் பஸ்ஸில் தெரியும். கருமத்தம்பட்டி நால்ரோட்டில் ஏறி பொள்ளாச்சி போக வேண்டியவர் காந்திபுரத்தில் இறங்குவார். அங்கிருந்து டவுன் பஸ்ஸில் உக்கடம். பாலக்காடு போகிறவருக்கும் உக்கடம்தான். மதுரைக்கு என்றால் சிங்காநல்லூர். ஊட்டி என்றால் மேட்டுப்பாளையம் ரோடு. இரவு ஆம்னி பஸ் என்றால் சத்தி ரோடு. கையில் பையும் இடுப்பில் குழந்தையுமாக ஓர் ஊருக்குள் இரண்டு பஸ் மாறுகிற வேலை இது. இதைத் தீர்க்க 2020இல் வெள்ளலூரில் 168 கோடி ரூபாய்க்கு ஒருங்கிணைந்த பேருந்து முனையம் தொடங்கினார்கள். ஆட்சி மாறியது, வேலை நின்றது, கட்டடம் அரைகுறையாகக் கிடந்தது. வெள்ளலூர் சரியான இடமா என்பது வாதத்துக்குரியது. கிழக்கேயிருந்து வருகிறவர்களுக்கு அது சுற்று வழிதான். ஆனால் இடம் தவறு என்றால் அது தூண் எழும்புவதற்கு முன்பே தெரிந்திருக்க வேண்டாமா?

பக்கத்திலேயே இதைவிடக் கசப்பான ஞாபகம் ஒன்று இருக்கிறது. 2017 செப்டம்பர் 7 அன்று சோமனூர் பேருந்து நிலையத்தின் மேற்கூரை மழையில் இடிந்து விழுந்து 5 பேர் இறந்தார்கள். சிறிய ஊர், சிறிய பட்ஜெட், நாளெல்லாம் வந்துபோகும் கூட்டமோ பெரிய நகரத்தினுடையது.

ரயில் கதை இன்னும் விசித்திரமானது. சென்னையிலிருந்து மேற்குக் கரைக்குப் போன ரயில் பாதை 1862இல் போத்தனூரை எட்டியது. அந்தப் பாதை இன்றைய சோமனூர், இருகூர் வழியாக நேரே போத்தனூர் போனது. கோவை நகரம் அதில் இல்லை. மேட்டுப்பாளையம் கிளைப் பாதை போட்ட 1873இல்தான் கோவைக்கு ரயில் வந்தது. அதாவது, சோமனூர் வழியாக ரயில் ஓடத் தொடங்கி ஒரு மாமாங்கம் ஆகும் தருவாயில்தான் கோவைக்காரர்கள் தங்கள் ஊரில் ரயிலைப் பார்த்தார்கள். போத்தனூரிலிருந்த கோட்ட அலுவலகம் 1956இல் ஒலவக்கோட்டுக்குப் போனது. 2007இல் சேலம் கோட்டம் பிறந்தபோது கோவை அதன்கீழ் வந்தது. வருமானத்தில் முன்வரிசையில் நிற்கும் நிலையத்துக்குத் தலைமையிடம் 1956க்குப் பிறகு சொந்த ஊரில் இருந்ததில்லை. கேரளத்துக்குப் போகும் பல ரயில்கள் கோவையைத் தொடாமல் இருகூரிலேயே போத்தனூர் பக்கம் திரும்பிவிடும் என்று ஊர்க்காரர்கள் ஆண்டுக்கணக்கில் மனு கொடுத்தார்கள்.

கோவையிலிருந்து இருகூர் வழியாகத் திருப்பூர் போகும் பாதை இப்போது மின்மயமான இரட்டைப் பாதை. சிங்காநல்லூர், இருகூர், சூலூர் ரோடு, சோமனூர், வஞ்சிபாளையம், திருப்பூர் என்று நிலையங்கள் வரிசையாக இருக்கின்றன. நிலம் எடுக்க வேண்டாம், தூண் நட வேண்டாம். சென்னை கடற்கரைக்கும் தாம்பரத்துக்கும் இடையே 1931இலேயே மின்சார ரயில் விட்டார்கள். அதைச் சுற்றித்தான் சென்னையின் தென்புறமே வளர்ந்தது. இங்கே சோமனூரில் நிற்கும் மெமு, பயணிகள் ரயில்கள் விரல்விட்டு எண்ணும் அளவுதான். ஒன்றை விட்டால் அடுத்தது வரும்வரை காத்திருப்பதைவிட பஸ் ஏறுவதே மேல் என்று ஆகிவிடுகிறது. நெடுந்தூர ரயிலும் சரக்கு ரயிலும் நிறைந்த பாதையில் புறநகர் வண்டிக்கு நேரம் ஒதுக்குவது எளிதல்ல என்பது உண்மைதான். அந்த நேரத்துக்காக ரயில்வேயோடு உட்கார்ந்து வாதாட ஒரு போக்குவரத்துக் குழுமம் இருந்தால் வேண்டாம் என்பாரா யாராவது?

விமான நிலையத்தைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. பீளமேட்டு ஓடுதளத்தின் நீளம் 3 கிலோமீட்டருக்கும் கொஞ்சம் குறைவு. கொச்சியின் நெடும்பாசேரியில் 3,400 மீட்டர், தேவனஹள்ளியில் 4,000 மீட்டர். விரிவாக்க அறிவிப்பு வந்தது 2010இல். 600 ஏக்கருக்கு மேற்பட்ட நிலம் விமான நிலைய ஆணையத்தின் கைக்குப் போய்ச் சேர ஏறத்தாழ பதினைந்து ஆண்டுகள் ஆயின. கருமத்தம்பட்டியிலிருந்து சுமார் பதினைந்து கிலோமீட்டரில் ஒரு விமான நிலையம் இருக்க, திருப்பூர் ஏற்றுமதியாளர் வெளிநாட்டு வாடிக்கையாளரை அழைத்துவர கொச்சிக்கும் கார் அனுப்புகிறார்.

திருப்பூர் என்று சொல்லும்போதுதான் இந்த ஊரின் இருப்பிடம் முழுதாகப் புரிகிறது. கோவைக்கும் திருப்பூருக்கும் ஏறத்தாழ நடுவில் கருமத்தம்பட்டி. 2009இல் திருப்பூர் தனி மாவட்டம் ஆனபோது எல்லைக்கோடு ஊரின் கிழக்கே விழுந்தது. தறிக்கு அந்தக் கோடு தெரியாது. இங்கே பெரும்பாலோர் கூலித் தறிக்காரர்கள். ஜவுளி உற்பத்தியாளர் பாவும் ஊடை நூலும் கொடுப்பார். நெய்து துணியாகக் கொடுத்துக் கூலி வாங்குவார்கள். கூலி பேசும்போது 'சோமனூர் ரகம்', 'பல்லடம் ரகம்' என்றுதான் கணக்கு. ஒன்று கோவை மாவட்டம், மற்றொன்று திருப்பூர் மாவட்டம்; பேச்சுவார்த்தை மேசை ஒன்றுதான். 2025 மார்ச்சில் தொடங்கி ஒரு மாதம் அளவுக்கு நீண்ட வேலைநிறுத்தத்தில் இரண்டு மாவட்டத் தறிகளும் சேர்ந்தே நின்றன. சோமனூர் ரகத்துக்கு 15 சதவீதம், மற்ற ரகங்களுக்கு 10 சதவீதம் என்று கூலி உயர்வு முடிவானதும் சேர்ந்தேதான்.

2011இல் திருப்பூர் நகரத் திரள் 9.6 லட்சம். கோவையோடு கூட்டினால் 30 லட்சத்தைத் தாண்டும். நடுவிலுள்ள அவிநாசியையும் சூலூரையும் கருமத்தம்பட்டியையும் முழுதாகச் சேர்த்தால் இன்னும் கூடும். இப்படிச் சேர்த்துப் பார்க்கும் அரசு யோசனை ஒன்று 2025-26 மாநில பட்ஜெட்டில் வந்தது: கோவை, திருப்பூர், ஈரோடு, சேலம் ஆகியவற்றை இணைக்கும் 185 கிலோமீட்டர் மண்டல விரைவு ரயிலுக்குச் சாத்தியக்கூறு ஆய்வு. டெல்லி–மீரட் பாதையில் 82 கிலோமீட்டருக்கு எழும்பிய அதே வகை ரயில். அது எழும்ப எத்தனை ஆண்டு ஆகும் என்பதற்கு மேலே சொன்ன விமான நிலையக் கணக்கையே பார்த்துக்கொள்ளலாம்.

அதற்கு முன் 2027 கணக்கெடுப்பு வருகிறது. கணக்கெடுப்புக்கான நிர்வாக எல்லைகளை 2025 டிசம்பர் 31 நிலவரப்படி நிறுத்திவைத்தாயிற்று. கருமத்தம்பட்டியின் தலைகள் எப்படியும் கருமத்தம்பட்டி நகராட்சியில்தான் எண்ணப்படும். கோவை நகரத் திரள் எதுவரைக்கும் என்று கணக்கெடுப்புத் துறை கோடு கிழிக்கும்போது அவை எந்தப் பக்கம் விழும் என்பதைப் பொறுத்துத்தான் அடுத்த மெட்ரோ அறிக்கையின் முதல் பக்கத்து எண் இருக்கும். அந்த அறிக்கையைத் தயாரிப்பவர்கள் இந்த முறை நீலாம்பூரைத் தாண்டி ஆள் அனுப்பி, காலை எட்டு மணிக்குக் கருமத்தம்பட்டி நால்ரோட்டில் எத்தனை பேர் பஸ்ஸுக்கு நிற்கிறார்கள் என்று எண்ணிப் பார்ப்பது நல்லது. பயணிகள் கணிப்பை நம்ப முடியவில்லை என்று கேட்ட டெல்லிக்கு அதுவே பதிலாகவும் இருக்கும்.