அங்கொடைக் கோட்டு

மலையகத் தோட்டங்களில் கோட்டு என்பது குளிருக்காக மட்டும் அணியப்பட்ட உடையன்று. வேட்டிக்குமேல் கறுப்புக் கோட்டும் தலைப்பாகையுமாகப் பெரட்டுக்களத்தில் நின்ற பெரிய கங்காணியைப் பற்றி, அப்புத்தளைப் பக்கத்து முதியவர்கள் தம் பாட்டன்மார் சொல்லக் கேட்டதை இன்றும் கூறுவர். கோட்டணிந்தவர் ஆணையிடுவார், மற்றவர் பணிவர். இப்பாடத்தைத் தலைமுறைகளாகக் கற்ற மக்களின் கண்ணுக்கு மனநோய் வைத்தியசாலையின் வெள்ளைக் கோட்டு எவ்வாறு தோன்றியிருக்கும்?

அத்தகைய கோட்டொன்றை அப்புத்தளைக் கடைத்தெருவில் ஒரு தையற்காரரிடம் கண்டேன். அங்கொடையில் ஆண் தாதியாயிருந்த பாட்டனாரின் உடையாம். பள்ளி நாடகத்தில் வைத்தியர் வேடம் போடும் பிள்ளைக்காகச் சிறிதாக்கக் கொடுத்திருந்தார்கள். தடித்த வெள்ளை டிரில் துணி. முன்புறத்தின் இரு விளிம்பிலும் துளைகள் இருந்தனவேயன்றிப் பொத்தான் ஒன்றுமில்லை.

“இதுல பொத்தான் தைக்கிறதில்லைங்க ஐயா. பின்னால வளையம் மாட்டி வைக்கிறது. சலவைக்கு முன்னால கழட்டிக்கலாம்” என்றார் தையற்காரர்.

வைத்தியசாலைத் துணிகளைக் கொதிநீரில் இட்டு வெளுப்பார்கள். தைத்த பொத்தான் அதில் நிலைக்காது. ஆயினும் என் கண் சென்றது வலப்பக்கச் சட்டைப்பைக்கே. அது மட்டும் தேய்ந்து, அடியில் ஒட்டுப் போடப்பட்டிருந்தது. சாவிக்கொத்து கிடந்த இடம் அதுவாகத்தான் இருக்கவேண்டும்.

இக்கோட்டின் முன்னோர் இங்கிலாந்தில் உள்ளனர். பத்தொன்பதாம் நூற்றாண்டில் அங்கு மனநோயாளரைக் கவனித்த ஆண் ஊழியர்கள் நீலக் கம்பளிக் கோட்டும் பித்தளைப் பொத்தானும் தொப்பியும் அணிந்தனர். இடுப்பில் சாவியும் விசிலும் தொங்கின. தாதி என்பதைவிடச் சிறைக்காவலர் என்றே அவ்வுடை சொல்லிற்று. வெள்ளை நிறம் பின்னர் வந்தது.

இலங்கையிலோ, 1873ஆம் ஆண்டின் சட்டப்படி ஒருவரின் சித்தம் தெளிந்ததா என்று விசாரிக்கும் பொறுப்பு மாவட்ட நீதிமன்றத்துக்கு அளிக்கப்பட்டது. பொலிஸ்காரரின் காக்கி, வக்கீலின் கறுப்பு, இறுதியாகத் தாதியின் வெள்ளை: தோட்டத்து நோயாளி கண்ட வரிசை இது. இடையில் மலையிறங்கிக் கொழும்பு செல்லும் நெடிய ரயில் பயணம். ‘அங்கொடைக்கு அனுப்பு’ என்பது வசைமொழியானதில் வியப்பில்லை.

1952இல் பாரிஸில் குளோர்புரோமசின் என்னும் மருந்து மனநோய்க்குப் பயன்பட்டபின் உலகெங்கும் விடுதிகளின் பூட்டுகள் குறையலாயின. பல நாடுகளில் மனநலத் தாதியர் சீருடையையே களைந்து சாதாரண உடைக்கு மாறினர். நம் நாட்டில் 2005ஆம் ஆண்டின் மனநலக் கொள்கை, சிகிச்சையை மாவட்ட வைத்தியசாலைகளுக்குக் கொண்டுவர முனைந்தது. அங்கொடை வைத்தியசாலையும் 2008இல் தேசிய மனநல நிறுவகமாயிற்று. பெயர் மாறிற்று; அச்சம் அவ்வளவு விரைவில் மாறுமா?

தோட்டமொன்றில் தாயொருத்தியை அறிவேன். மகன் உறக்கமின்றித் தனியே பேசிக்கொண்டிருந்தும் மூன்று மாதம் எவரிடமும் காட்டவில்லை. “கோட்டுப் போட்டவங்க வந்து கொண்டுக்கிட்டுப் போயிருவாங்களே ஐயா!” என்றாள். பதுளை வைத்தியசாலையிலேயே மனநலப் பிரிவு உண்டு, கட்டணமில்லை, வைத்தியர் பார்த்தபின் பெரும்பாலோர் அன்றே வீடு திரும்புவர் என்றெல்லாம் எடுத்துரைத்தேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, “கதவுல பூட்டு இருக்குமா?” என்றாள்.

வெளிநோயாளரைப் பார்க்கும் அறைக்குப் பூட்டில்லை என்றேன். அடுத்த கிழமை இருவரும் பதுளை பஸ்ஸில் ஏறினார்கள்.