முத்துக்கரையின் விசுவாசம்

தாமிரபரணி கடலில் கலக்கும் புன்னைக்காயல்தான் எங்கள் ஊர். தெருவுக்குத் தெரு பர்னாந்து, மச்சாது என்று போர்த்துக்கீசியப் பெயர்கள். முத்துக்குளிப்புத் தகராறில் போர்த்துக்கீசியக் கப்பல்களின் பாதுகாப்பை நாடித்தான் 1536-37 வாக்கில் கடலோடிகளான எங்கள் பரதவர்கள் கூட்டம் கூட்டமாக ஞானஸ்நானம் பெற்றார்கள். ஜெபங்களைத் தமிழில் சொல்லிக்கொடுக்கப் புனித பிரான்சிஸ் சவேரியார் வந்தது 1542இல். இயேசு சபைக் குரு அண்டிரிக் அடிகளார் தமிழில் எழுதிய ‘அடியார் வரலாறு’ எங்கள் ஊரில் அச்சேறியது 1586இல்.

“கப்பலுக்காக மதம் மாறியவங்கதானே நீங்க?” என்று நண்பர்கள் சீண்டுவார்கள். தொடக்கம் அப்படித்தான், மறுக்கவில்லை. ஆனால் 1658இல் டச்சுக்காரர்கள் போர்த்துக்கீசியரிடமிருந்து தூத்துக்குடியைப் பிடித்தார்கள். கத்தோலிக்கக் குருக்களை விரட்டினார்கள். தங்கள் சீர்திருத்தச் சபைக்கு ஆள் சேர்க்கப் பார்த்தார்கள். முத்துக்குளிப்பும் அவர்கள் கையில். அவர்களோடு தொழில் செய்தாலும் பரதவர்கள் மாதாவை மட்டும் விடவில்லை. காத்தவர்கள் போன பிறகும் நின்ற பக்தியை வெறும் அரசியல் கணக்கு என்று எப்படித் தள்ளுவது?