கண்டிக்குப் பஸ் ஏறுவதா, மாவனல்லைக்கு இறங்குவதா?

சாதாரண தரப் பெறுபேறு வெளியானதும் கடுகண்ணாவையில் தமிழ்மொழி மூலம் படிக்கும் பிள்ளைகளின் வீடுகளில் ஒரே பேச்சுத்தான். உயர்தரத்துக்கு எந்தப் பாடசாலை? கண்டிப் பக்கம் போனால் பதியுதீன் மஹ்மூத் மகளிர் கல்லூரி போன்ற பெயர் பெற்ற இடங்கள் இருக்கின்றன. டோசன் கோபுரத்தைத் தாண்டி மலைப்பாதையில் கீழே இறங்கினால் மாவனல்லை, அங்கே சாஹிரா கல்லூரி. இரண்டு பக்கமும் ஒரே ஏ1 வீதிதான். ஆனால் ஒரு பக்கம் மத்திய மாகாணம், கண்டி மாவட்டம். மறுபக்கம் சப்ரகமுவ மாகாணம், கேகாலை மாவட்டம். கடுகண்ணாவை நகரம் கண்டி மாவட்டத்தில் இருக்க, அதே பெயரைச் சுமக்கும் பஹல கடுகண்ணாவை கேகாலை மாவட்டத்தில் இருக்கிறது. பஸ்ஸில் போகிறவருக்குத் தெரியாத இந்த எல்லை, பல்கலைக்கழக விண்ணப்பத்தை நிரப்பும்போது தெரியவரும்.

ஏன் என்று விளங்க, அனுமதி முறையைக் கொஞ்சம் பிரித்துப் பார்க்க வேண்டும். பெரும்பாலான பாடநெறிகளில் 40 சதவீத இடங்கள் அகில இலங்கைத் திறமை அடிப்படையில் நிரப்பப்படுகின்றன. 55 சதவீதம் மாவட்டங்களுக்கு அவற்றின் சனத்தொகைக்கு ஏற்பப் பங்கிடப்படுகிறது. மிகுதி 5 சதவீதம் நுவரெலியா, பதுளை உட்படக் கல்வியில் பின்தங்கியவை என்று குறிக்கப்பட்ட 16 மாவட்டங்களுக்கு. கண்டியும் கேகாலையும் அந்தப் பட்டியலில் இல்லை.

கணக்குப் போட்டுக் காட்டுகிறேன். 2012 குடிசன மதிப்பீட்டின்படி கண்டி மாவட்டத்தில் ஏறத்தாழ 13.75 இலட்சம் பேர், கேகாலையில் 8.4 இலட்சம் பேர். ஒரு பாடநெறிக்கு நாடு முழுவதும் 1000 இடங்கள் என்று வைத்துக்கொண்டால், மாவட்டப் பங்கான 550 இல் கண்டிக்கு 37 அளவிலும் கேகாலைக்கு 23 அளவிலும் வரும். கண்டிக்குக் கூட என்று மகிழவும் வேண்டாம், கேகாலையில் போட்டி குறைவு என்று ஓடவும் வேண்டாம். அந்த இடங்களுக்கு எத்தனை கெட்டிக்காரர்கள் மோதுகிறார்கள் என்பதே வெட்டுப்புள்ளியைத் தீர்மானிக்கிறது. அது ஆண்டுக்கு ஆண்டு மாறும். மருத்துவத்துக்குக் கண்டியைவிட நுவரெலியாவின் வெட்டுப்புள்ளி குறைவாக இருப்பது வழக்கம். ‘அப்படியானால் பிள்ளையை நுவரெலியா மாவட்டத்து ஹற்றனில் சேர்ப்போமே’ என்று யோசிக்கிற பெற்றோர் உண்டு. அந்தக் கதவைப் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு எப்போதோ பூட்டிவிட்டது. ஒருவருடைய மாவட்டம், பரீட்சைக்கு முந்திய மூன்று ஆண்டுகளில் படித்த பாடசாலைகளை வைத்துத்தான் தீர்மானிக்கப்படுகிறது. உயர்தரப் படிப்பு ஏறக்குறைய இரண்டு ஆண்டுகள். ஆகவே கணக்கு தரம் 11 வரை பின்னோக்கிப் போகும். எல்லையைத் தாண்டிப் பாடசாலை மாறுகிறவர் ஒவ்வொரு பாடசாலையின் விடுகைப் பத்திரத்தையும் சேர்ந்த திகதி, விலகிய திகதியோடு பத்திரமாக வைத்திருக்க வேண்டும். மாறுவதற்கு முன்னரே ஆணைக்குழுவின் கைநூலில் மாவட்டம் பற்றிய பகுதியை வாசிப்பது நல்லது.

மாவட்டத்தை விடுவோம். பெரிய பாடசாலையின் பெயர் அனுமதிக்கு உதவுமா? உதவாது. அனுமதியைத் தீர்மானிக்கும் இசட் புள்ளிக் கணக்கில் பாடசாலையின் பெயருக்கு இடமே இல்லை. ஒரு பாடத்தின் சராசரி 45, நியம விலகல் 15 என்றால், 75 எடுத்தவருக்கு இசட் புள்ளி 2. இன்னொரு பாடத்தின் சராசரி 62, நியம விலகல் 10 என்றால் அதே 75க்கு 1.3 தான். மூன்று பாடங்களின் இசட் புள்ளிகளைக் கூட்டி மூன்றால் வகுக்கிறார்கள், அவ்வளவுதான். 2001 இல் நடைமுறைக்கு வந்த இந்த முறைக்குப் பின்னால் இருந்தவர் பேராதனைப் பல்கலைக்கழகப் புள்ளிவிவரவியல் பேராசிரியர் ஆர். ஓ. தட்டில். எழுபதுகளின் தரப்படுத்தலை நினைவில் வைத்திருக்கும் தமிழர்களுக்கு, நம் வீட்டுக்குப் பக்கத்திலேயே உருவான இந்தக் கணக்கு ஓர் ஆறுதல் என்றுதான் சொல்வேன். எந்தப் பாடசாலை, எந்த மொழிமூலம் என்று இந்தச் சூத்திரம் கேட்பதில்லை.

சூத்திரம் கேட்காவிட்டாலும் வகுப்பறை கேட்கும். அரச பாடசாலைகளில் விஞ்ஞானப் பிரிவு உட்பட உயர்தரம் உள்ளவை 1ஏபி. கலையும் வர்த்தகமும் மட்டும் உள்ளவை 1சி. வகை 2 பாடசாலை தரம் 11 உடன் நின்றுவிடும். மலையகத்தின் சின்னத் தமிழ்ப் பாடசாலைகள் பல 1சி அல்லது வகை 2. அங்கே படித்த பிள்ளைக்கு உயிரியலோ இணைந்த கணிதமோ வேண்டுமென்றால் மாறுவதைத் தவிர வழியில்லை; அவர்கள் தயங்காமல் மாறட்டும். 2013 இல் தொடங்கிய தொழில்நுட்பப் பிரிவும் எல்லா இடத்திலும் இல்லை.

என் சந்தேகமெல்லாம் மற்றவர்களைப் பற்றியது. இருக்கிற பாடசாலையிலேயே விரும்பிய பிரிவு உண்டு, ஆசிரியர்களும் உண்டு. ஆனாலும் பெயருக்காகக் கண்டிக்குப் போகிறவர்கள். காலை ஆறு மணிக்கு முன் வீட்டை விட்டு, பிலிமத்தலாவை நெரிசலில் நின்று, பாடசாலை முடிந்து நகரத்தில் ரியூஷனும் போய், இருட்டிய பின் வீடு திரும்பும் பிள்ளை எப்போது படிக்கும்? மாவனல்லைப் பக்கம் போகிறவர்களுக்கு இன்னொரு தொல்லை: கடும் மழையில் மண் சரிந்து மலைப்பாதை மூடப்படுவதுண்டு. பாடசாலைப் பரீட்சார்த்தியாகத் தோற்ற 80 சதவீத வரவும் வேண்டும். ஒரு பாடசாலையில் பெயரைப் பதிந்துவிட்டு ரியூஷனிலேயே காலத்தைக் கழிப்போர் இதை மறந்துவிடுகிறார்கள்.

மாறுவதென்றால் தரம் 12 தொடக்கத்திலேயே மாறிவிட வேண்டும். நடுவில் மாறினால் அலகுகள் வேறு வரிசையில் ஓடிக்கொண்டிருக்கும். இரசாயனவியலில் இங்கே முடித்ததை அங்கே தொடங்கியே இருக்க மாட்டார்கள். ஒருவர் மூன்று தடவைதான் பரீட்சைக்குத் தோற்றலாம் என்பதால், குழப்பத்தில் வீணாகும் ஒரு தடவைக்கும் விலை உண்டு.

தமிழ்மொழி மூல விஞ்ஞான, கணித ஆசிரியர்களுக்கு மத்திய மாகாணத்தில் பற்றாக்குறை நீடிப்பது ஊரறிந்தது. பெரிய பாடசாலைகளும் இதற்கு விலக்கல்ல. ஆகவே விடுகைப் பத்திரம் கேட்டு அதிபரிடம் போவதற்கு முன், புதிய பாடசாலைக்குப் போய் தரம் 12 நேரசூசியைக் கேட்டுப் பாருங்கள். உங்கள் பிள்ளையின் மூன்று பாடங்களில் ஒன்றுக்கேனும் ஆசிரியர் பெயர் இல்லாமல் இருந்தால், அடுத்த பஸ்ஸிலேயே கடுகண்ணாவைக்குத் திரும்பி வாருங்கள்.